தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

"உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்லிப் பிள்ளைகளை அழவைக்காத வீடு நம் பக்கத்தில் உண்டா என்று எனக்குத் தெரியாது. அண்ணன் தங்கையிடம் சொல்வான், மாமன் மருமகளிடம் சொல்வான். கேட்ட பிள்ளை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடும். என்னிடம் யாராவது சொன்னால் நான் ஓட மாட்டேன். "ஆமா, ஒரு முறம் தவிடு. நல்ல நெல்லுத் தவிடு" என்பேன். சொன்னவர் முகம் தொங்கிப்போகும். என் விஷயத்தில் அது அத்தனையும் உண்மை.

என் அம்மாவுக்கு எனக்கு முன்னால் பிறந்த நான்கும் தங்கவில்லை. ஐந்தாவதாக நான் வந்ததும், எங்கள் பக்கத்து வழக்கப்படி என்னை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார்கள். பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததை வேறொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்டால், 'இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை போலிருக்கிறது' என்று எமன் ஏமாந்து திரும்பிவிடுவானாம். பிறகு மொட்டை அடிக்கும் சமயத்தில் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம். எமனை இவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியும் என்று நம்பியவர்களின் வயிற்றில் பிறந்ததில் எனக்குப் பெருமைதான்.

எங்கள் ஊர் இண்டூருக்கும் பென்னாகரத்துக்கும் நடுவில் இருந்தது. எங்கள் நிலத்தை ஒட்டி ஒரு சின்ன ஓட்டு வீடும் ஒரு பெரிய புளியமரமும் உண்டு. அங்கே புருசன் செத்துப்போன, பிள்ளை இல்லாத ஒருத்தி தனியாக இருந்தாள். வேதக்காரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள். அப்பா அவளைத்தான் தேர்ந்தெடுத்தார். அதற்கு அவர் சொன்ன காரணம் இது: "அவங்க வேதக்காரங்க. எமனுக்கு அவங்க வூட்டு வழி தெரியாது."

அவள் இண்டூர் ரைஸ் மில்லில் தவிடு வாங்கிவந்து, முறத்தில் கொட்டி அம்மா முன்னால் வைத்தாள். அம்மா என்னை இன்னொரு முறத்தில் கிடத்தித் தள்ளிவிட்டாள். வியாபாரம் முடிந்தது. அடுத்த ஞாயிறு இதை அவளே போய்ச் சாமியாரிடம் சொல்ல, அவர் மூடநம்பிக்கை என்று கடிந்துகொண்டாராம். "மூடநம்பிக்கைதானுங்க சாமி. ஆனா புள்ள நெசந்தானுங்களே" என்றாளாம். அவள்தான் என் ஆத்தா.

எனக்கு ஒரு வயது ஆவதற்குள் என்னைப் பெற்ற அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். எமன் பிள்ளையை விட்டுவிட்டுத் தாயைத் தூக்கிக்கொண்டான். அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். சின்னம்மா வந்தாள், தம்பிகள் வந்தார்கள். எனக்கு மொட்டையும் அடித்தார்கள், ஆனால் தவிட்டைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சை மட்டும் அப்பா எடுக்கவே இல்லை. மீட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவருக்குப் பயம். நான் ஆத்தா வீட்டிலேயே வளர்ந்தேன்.

ஆத்தா சிரித்தால் பஸ் போகிற ரோடு வரைக்கும் கேட்கும். கோபம் வந்தாலும் அதே தூரம் கேட்கும். மாசி பங்குனியில் புளி உலுக்க ஆள் வருவார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓடு உடைத்துக் கொட்டை எடுப்பார்கள். ஆத்தா நடுவில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிச் சிரிக்கவைப்பாள். நான் அவள் மடியில் படுத்துக்கொண்டு, புளியை நக்கி நக்கிப் பல் கூசிப்போய்க் கிடப்பேன். ஞாயிறு பூசைக்கு ஆத்தாவோடு, மாரியம்மன் பண்டிகைக்கு அப்பாவின் தோள் மேல். இரண்டு பக்கமும் பலகாரம் கிடைத்தது. என்னைப்போல் கொடுத்துவைத்த பிள்ளை அந்த ஊரில் இல்லை.

எனக்கு ஐந்து வயது நடந்தபோது, ஆத்தாவின் கொழுந்தன் ஒருநாள் கோடாலியோடு வந்தார். மரம் தன் அண்ணனுடையது, அண்ணன் இல்லை, ஆகவே மரம் தன்னுடையது, வெட்டி விற்கப்போகிறேன் என்றார். ஆத்தா வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னாள். அவர் மரத்தில் இரண்டு போடு போட்டார். மூன்றாவது போடு விழுவதற்குள் ஆத்தா கையில் அரிவாள் இருந்தது. அவருடைய வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

ஆத்தா செய்தது தப்பு. அதில் எனக்கு வேறு பேச்சு கிடையாது. அவளும் ஒருநாளும் சரி என்று சொன்னதில்லை. தன் சேலையைக் கிழித்து அவர் கையைக் கட்டி, அப்பாவின் மாட்டுவண்டியில் ஏற்றித் தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்துபோனவள் அவள். 'கை தவறிப் பட்டுவிட்டது' என்று சொல்லும்படி வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார். கோர்ட்டில் கேட்டபோது, "கை தவறலீங்க. கோவத்துல வெட்டினதுங்க" என்றாள். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். ஏழு வருசம் போட்டார்கள்.

சின்னப் பிள்ளை இருக்கிற கைதி பிள்ளையைக் கூடவே வைத்துக்கொள்ள அப்போது வழி இருந்ததாம். வக்கீல் விடாமல் அதற்கு முயற்சி செய்தார். ஜட்ஜ் ஆத்தாவைப் பார்த்து, "உன் குழந்தைதானே?" என்று கேட்டார். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த மகராசி என்ன சொன்னாள் தெரியுமா? "தவிட்டுக்கு வாங்கினதுங்க சாமி."

கோர்ட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஜட்ஜுக்கு யாரோ விளக்கிச் சொன்னார்கள். முறத்தையும் தவிட்டையும் எந்தச் சட்டப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. பெற்ற தகப்பன் கோர்ட்டு வாசலில் இருக்கும்போது பிள்ளை எதற்கு ஜெயிலுக்கு என்று சொல்லிவிட்டார்கள். நானும் ஜெயிலுக்குப் போயிருக்கலாம். ஆத்தாவின் வாய் கெடுத்தது. இந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

போலீஸ் கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால், கோர்ட்டு வாசலில் ஆத்தா அப்பாவைக் கூப்பிட்டாள். "அண்ணா, புள்ள இனிமே உங்க வூட்டுப் புள்ள. ஜெயிலுக்குப் போறவ புள்ளன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. தவிட்டக் குடுங்க, திருப்பி வாங்கிக்கறேன். அதான் ஞாயம்."

கோர்ட்டு வாசலில் தவிட்டுக்கு எங்கே போவது? அப்பா அழுதுகொண்டே தெருவில் ஓடினார். மூலையில் நின்றிருந்த குதிரைவண்டிக்காரரிடம் கெஞ்சி, குதிரையின் தீனிப் பையிலிருந்து ஒரு குத்துத் தவிடு வாங்கிவந்தார். ஆத்தா அதை முந்தானையில் ஏந்தி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். என்னை இடுப்பிலிருந்து இறக்கி அப்பாவின் கையில் கொடுத்தாள். நான் போட்ட கூச்சலில் அந்தக் குதிரை மிரண்டதாக அப்பா பிறகு சொல்வார்.

அப்பா வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை, பொய் சொல்லக் கூடாது. சின்னம்மா கதையில் வருகிற சித்தி மாதிரி இருந்தால் ஊரிடம் சொல்லி அழுதிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் தம்பிகளுக்குப் பிசைந்த அதே கையால் எனக்கும் பிசைந்து ஊட்டினாள். அப்பாதான் பாவம். என்னை மீட்டுவிட்டதால் எமனுக்கு விலாசம் கிடைத்துவிட்டது என்று நினைத்தார். நான் ஒரு தும்மல் தும்மினால் போதும், மனிதர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்தார்கள். "உங்க ஆத்தா ஜெயில்ல களி திங்கறா!" நான் திருப்பிக் கேட்டேன்: "நீ காலையில என்னாடி தின்ன?" எங்கள் பக்கத்தில் காலையில் களி, மத்தியானம் களி, மிச்சம் இருந்தால் ராத்திரியும் களி. ராகி விளைகிற ஊரில் அந்தக் கேலி எடுபடவே இல்லை. இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள்.

எனக்கு ஏழு வயதானபோது அப்பா என்னை வேலூர் ஜெயிலுக்கு அழைத்துப்போனார். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் ஆத்தா இளைத்துப்போயிருப்பாள் என்று சொல்லி என்னைத் தயார்படுத்தினார். கம்பி வலைக்கு அந்தப்பக்கம் வந்து நின்ற ஆத்தா நன்றாகப் பூசினாற்போல் இருந்தாள். தலை வாரி, வெள்ளைச் சேலை கட்டி, பார்க்க டீச்சர் மாதிரி இருந்தாள். என்னைக் கண்டதும் முகம் முழுக்கச் சிரித்தாள். நான் வலையில் மூக்கை ஒட்டிக்கொண்டேன்.

"பாப்பா நல்லா இருக்கீங்களா? அப்பா சொல்றபடி கேட்டு நடக்கறீங்களா?" என்றாள்.

ஏன்டி, வாடி, கழுத, ராசாத்தி என்று கூப்பிட்ட வாய். என்னை 'இருக்கீங்களா' என்று கேட்டது. அடுத்த வீட்டுப் பெரிய மனுசன் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி கேட்டது. அவள் அடித்திருந்தால்கூட நான் அப்படி அழுதிருக்க மாட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவை நச்சரித்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அவங்கதான் உன்னத் திருப்பிக் குடுத்துட்டாங்களே கண்ணு. வேற எப்படிக் கூப்புடுவாங்க?" என்றார்.

கிருஷ்ணகிரி வருவதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். தவிட்டைக் கொடுத்து ஒரு தடவை வாங்கினவள், தவிட்டைக் கொடுத்து இன்னொரு தடவையும் வாங்கலாம். ஜெயிலில் இருக்கிறவளுக்குத் தவிடு கிடைக்காது. ஆகவே தவிட்டை நான் சேர்த்துவைக்க வேண்டும்.

அன்றிலிருந்து மாட்டுக்கு வைக்கும் தவிட்டில் தினம் ஒரு பிடி எடுத்தேன். பாவாடையில் மறைத்துக் கொண்டுபோய், பூட்டிக்கிடந்த ஆத்தா வீட்டின் பின்பக்கம் விறகுக் கொட்டகையில் இருந்த ஒரு பழைய பானையில் போட்டு மூடினேன். சின்னம்மா அடிக்கடி தவிட்டு மூட்டையைப் பார்த்து, "இந்த வூட்டுல எலித் தொல்லை தாங்கல" என்பாள். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி தம்பிக்கு மூக்கைத் துடைத்துவிடுவேன். ஒரு பிடி எடுத்ததற்கு என் நெஞ்சு அடித்துக்கொண்டதைப் பார்த்தால் பாங்கியை உடைத்தவள் தோற்றுப்போவாள்.

இதற்கிடையில் ஆத்தாவிடமிருந்து கார்டுகள் வர ஆரம்பித்தன. உள்ளே ஒரு கன்னியாஸ்திரி வந்து எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுத்தார்களாம். மேலே ஒரு சின்னச் சிலுவை, கீழே ஒவ்வொரு எழுத்தும் களி உருண்டை அளவு. ஒரு கார்டில் நான்கு வரிதான் அடங்கும். 'பாப்பாவுக்கு ஆசீர்வாதம். மரத்தில் வடக்குக் கிளை மேல் ஏற வேண்டாம். பாவாடை தைக்க வந்துவிட்டது. ரவிக்கை வரவில்லை.' அடுத்த மாதக் கார்டிலும் ரவிக்கை வந்தபாடில்லை. நான் பதில் எழுதினேன். மரம் காய்த்ததை எழுதினேன், அப்பா புளி உலுக்கிப் பத்திரமாக வைத்திருப்பதை எழுதினேன். பானையைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

தண்டனையில் கழிவு கிடைத்து, எனக்குப் பத்து முடிந்து பதினொன்று நடக்கும்போது ஆத்தா வந்தாள். மத்தியான பஸ்ஸில் ஒரு துணிப்பையோடு இறங்கினாள். ஊரே ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்தது. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் போனேன். அவள் கை என் தலைக்கு மேல் வந்தது, அப்படியே நின்றது, பிறகு பையைத் துழாவி ஒரு பாவாடையை எடுத்தது. "பாப்பாவுக்கு நானே தெச்சதுங்க." கம்பி வலை வழியாகப் பார்த்த ஏழு வயசுக்காரிக்குத் தைத்தது அது. என் முழங்காலைத் தாண்டி ஏறவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகியது.

ஆத்தா தன் வீட்டைத் திறந்து பெருக்கி மெழுகினாள். மரத்தைச் சுற்றிவந்து, பழைய வெட்டுத் தழும்பைத் தடவிப் பார்த்தாள். ஆனால் வரப்பைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் அப்பாவை வரப்பில் நிறுத்திச் சொன்னாள்: "சேலத்துல சிஸ்டருங்க மடத்துல தையலுக்கு ஆள் வேணும்னாங்க. திங்கக்கெழம போறேங்கண்ணா. பக்கத்துல இருந்துக்கிட்டுப் புள்ளயப் பாத்துக்கிட்டே இருக்க என்னால முடியாதுங்க." அன்று சனிக்கிழமை.

எனக்கு வந்த கோபம் ஆத்தாவிடம் கற்றுக்கொண்ட கோபம். நேராக விறகுக் கொட்டகைக்குப் போனேன். பானை என்னால் தூக்க முடியாத கனம். இழுத்து, உருட்டி, நெஞ்சோடு அணைத்து எப்படியோ கொண்டுவந்து ஆத்தாவின் வாசலில் வைத்தேன்.

"இது என்னாங்க பாப்பா?"

"தவிடு. நாலு வருசமாச் சேத்தது. குடுத்து என்னை வாங்கிக்கோ."

ஆத்தா பானைக்குள் பார்த்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது, குரல் மட்டும் வக்கீல் குரலாக இருந்தது. "நீங்களே உங்கள வித்துக்க முடியாதுங்க பாப்பா. பெத்தவங்கதான் விக்கணும். நான்தான் தவிட்டத் திருப்பி வாங்கிட்டேனே. வாங்கித் தின்னும் முடிச்சிட்டேன்."

"தின்னுட்டியா?"

"ஜெயில் கேட்டுல சோதன போட்டப்ப முந்தானய அவுத்துக் கொட்டச் சொன்னாங்க. புள்ளக்கிப் பதிலா வாங்குனது, மண்ணுல கொட்ட மனசு வரல. அங்கயே வாயில போட்டு முழுங்கிட்டேன்."

குதிரைத் தவிட்டைத் தின்றிருக்கிறாள். அதைக் கேட்டு நான் பெரிதாக அழ ஆரம்பித்தேன். என் சத்தம் கேட்டு, எமன்தான் வந்துவிட்டான் என்று அப்பா வரப்பைத் தாண்டி ஓடிவந்தார். பின்னாலேயே சின்னம்மா, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக.

சின்னம்மா பானையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு நிதானமாக, "எலி ரெண்டு கால்ல நடந்து போறத நானும் நாலு வருசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். எனக்கு அழுகை நின்றுவிட்டது. "ஏன்டி, நாலு வருசத் தவிடு வண்டு புடிக்காம இருக்குமா? அத மாசாமாசம் வெயில்ல காயவெச்சு வேப்பெலை போட்டு வெச்சது யாருன்னு நெனச்ச?"

அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்து வருசமாக என் தும்மலை எண்ணிக்கொண்டிருந்த மனிதர். "விக்கறேன், இப்பவே விக்கறேன் தங்கச்சி" என்று கும்பிட்டே விட்டார். "நாலு பூமியில போனதுங்க. இதயாச்சும் உங்க கையில குடுத்துட்டு நிம்மதியாத் தூங்கறேன்." சின்னம்மா, "வரப்புத் தாண்டுனா வூடு. சாப்பாட்டுக்கு எங்க வேணா வரட்டும். முறையா வாங்கிக்கோங்கக்கா" என்றாள்.

முறை என்றால் முறம் வேண்டும். சின்னம்மா போய் இரண்டு முறம் கொண்டுவந்தாள். ஆத்தா பானையிலிருந்து தவிட்டை ஒரு முறத்தில் கோபுரமாகக் குவித்து அப்பா முன்னால் வைத்தாள். பெற்றவள் இருக்க வேண்டிய இடத்தில் சின்னம்மா உட்கார்ந்தாள். விற்கப்படுகிற பிள்ளை இன்னொரு முறத்தில் இருக்க வேண்டும். பதினொரு வயதுப் பெண் நான் கூச்சப்பட்டுக்கொண்டு முறத்தில் உட்கார்ந்தேன். அது படக்கென்று நடுவில் உடைந்து, நான் தரையில் போய் உட்கார்ந்தேன்.

முதலில் சிரித்தது ஆத்தா. பஸ் போகிற ரோடு வரைக்கும் கேட்கிற அந்தச் சிரிப்பு. பிறகு அப்பா, பிறகு சின்னம்மா, பிறகு என்ன என்று தெரியாமலே தம்பிகள். ஆத்தா சிரித்துக்கொண்டே குனிந்து என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். "ஏன்டி, சின்னம்மா உனக்கு என்னாத்தடி போட்டாங்க, இந்தக் கனம் கனக்கற?"

ஏன்டி என்றாள்! எனக்கு அது போதும். அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வேலைக்கு வரவில்லை என்று சேலத்து மடத்துக்குக் கார்டு எழுதும்போதும், அவள் மறு கையால் என்னை அணைத்துக்கொண்டுதான் எழுதவேண்டியிருந்தது.

அந்த ஜூன் மாதம் என்னை ஆறாவதில் சேர்க்க ஆத்தா பென்னாகரத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். தானே தைத்த பாவாடை எனக்கு. ரவிக்கை கடையில் எடுத்தது. மேசைக்குப் பின்னால் இருந்த வாத்தியார் ஆத்தாவைப் பார்த்ததும் கைநாட்டு மைப்பெட்டியை நகர்த்தினார். ஆத்தா அதை மரியாதையாக ஓரம் தள்ளிவிட்டு, "பேனா குடுங்க" என்றாள். வாத்தியார் காகிதத்தைப் பார்த்தார், தகப்பன் பெயரைப் பார்த்தார், ஆத்தாவின் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்தார்.

"இது நீங்க பெத்த பிள்ளைதானா?"

பொய் சொல், ஒரே ஒரு பொய் சொல் என்று ஆத்தாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பெக்கலீங்க" என்றாள். "ஆனா ரெண்டு தடவ வாங்கியிருக்கேனுங்க. பெத்தவங்ககூட ஒரு தடவதானுங்களே பெப்பாங்க."

வாத்தியார் பேனாவின் மூடியைக் கழற்றி ஆத்தாவிடம் நீட்டி, தாயார் என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, "இங்க கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார்.